பெர்மிட்டில் எழுதிய கல்யாணங்கள்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத இடத்தில் ஏற்கெனவே ஒன்பது முறை எழுதித் தொலைத்தவன் நான்.

கம்பத்தில் எனக்கு ஒரு வேன் இருக்கிறது. நானே முதலாளி, நானே டிரைவர். மலைக்கு மேலே கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை செய்கிறவர்களைத் திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டுச் சனிக்கிழமை கூட்டி வருவேன். உத்தமபாளையத்தில் நாலு பேர், வழியில் இரண்டு பேர், கம்பத்தில் மிச்சம் என்று ஏற்றிக்கொண்டு, மேலே ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் இறக்குவேன். உண்மையில் அது ரூட் பஸ் செய்கிற வேலை. எல்லை தாண்டி ரூட் ஓட்டுவதற்குப் பெர்மிட் வேண்டுமென்றால் இரண்டு மாநிலமும் பேசிச் சம்மதிக்க வேண்டும். ஒற்றை வேன்காரன் அதைக் கனவில்தான் வாங்க முடியும்.

எனக்குக் கிடைப்பது தற்காலிகப் பெர்மிட். ஒரே கோஷ்டியை ஏற்ற வேண்டும், ஒரே இடத்தில் இறக்க வேண்டும். எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். கூடவே ஆட்களின் பெயர்ப் பட்டியலும் ஆதார் நகலும் கொடுக்க வேண்டும். சாமி கும்பிடப் போகிறோம் என்று வாராவாரம் எழுத முடியாது. கல்யாணம் என்றால் எந்த மாதமும் யாரும் கேள்வி கேட்பதில்லை. என்னைப்போல் வேன் வைத்திருக்கிற எல்லாருமே அந்தக் கட்டத்தில் கல்யாணம் என்றுதான் எழுதினோம். வண்டிக்குள்ளே தலைத்துண்டும் தூக்குவாளியுமாக உட்கார்ந்திருக்கிறவர்களிடம், யாராவது கேட்டால் கல்யாணத்துக்குப் போறோம் என்று சொல்லுங்கள் என்று சொல்லி வைப்போம். மாப்பிள்ளை யார் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே மலையேறுவார்கள். நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் இருந்தது.

கல்யாணம் என்றால் மணப்பெண் பெயரும் போட வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருவே சேர்ந்து குருவாயூர் போனபோது வாங்கிய ஆதார் நகல்கள் ஒரு கட்டாக என்னிடம் இருந்தன. புரட்டிப் பார்த்தேன். கல்யாண வயதில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் மகள். அவர் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் போடுகிறவர். என் வீட்டுக்கு இடி விழுந்தாலும் முதல் ஆளாக ஓடி வருகிற மனுஷன். அவர் மகளை மணப்பெண்ணாக்கினேன். அடுத்தடுத்த முறையும் அதே காகிதத்தையே கொடுத்தேன், மொத்தம் ஒன்பது முறை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

போன தை மாதம் அவளுக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு மலைக்கு மேலே நெடுங்கண்டம் பக்கம். ஏலத்தோட்டம் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம். கல்யாணமும் அங்கேதான். பெண் வீட்டாரைக் கொண்டுபோக வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் வந்தார். நம்ம வண்டி இருக்கையில வேற வண்டி எதுக்கு என்றார். அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்கலாம். வண்டியில் ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அந்தப் பொய்யால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். மாறாக, இந்த முறை பட்டியலில் இருப்பதெல்லாம் நிஜம் என்று எனக்குள்ளே ஒரு பெருமைதான் இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

காலை ஏழரை மணிக்குக் கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் நிறுத்தினேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பெண் வீட்டாரை எதிர்கொண்டு அழைத்துப்போக மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜீப்பில் வந்து காத்திருந்தார். நான் காகிதங்களோடு உள்ளே போனேன். அவரும் பேச்சுக்கொடுத்தபடி கூடவே வந்தார்.

மேசைக்குப் பின்னால் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் இருந்தார். ஒரே வண்டி திரும்பத் திரும்ப வந்தால் பழைய காகிதத்தை எடுத்துப் பார்க்கிற வழக்கம் உள்ளவர் என்று பின்னால்தான் தெரிந்தது. பார்த்தார். எழுந்து போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இந்தப் பெண்குட்டிக்கு இது எத்தனையாவது கல்யாணம்?" என்று கேட்டார். மலையாளம் கலந்த தமிழ்தான். ஆனால் எல்லாருக்கும் புரிகிற தமிழ்.

தாய்மாமன் குனிந்து காகிதங்களைப் பார்த்தார். ஒன்பதிலும் அவள் பெயர், அப்பா பெயர், எங்கள் தெரு. மணப்பெண் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான்தான் பொய்யாக எழுதினேன், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வாக்கியம். சொன்னால் பெர்மிட் போகும், வண்டியைப் பிடித்துவைப்பார்கள் என்று புத்தி கணக்குப் போட்டது. கம்ப்யூட்டர் சென்டரில் தப்பாக அடித்துவிட்டார்கள் சார் என்றேன்.

ஒரு தடவை தப்பாக அடிக்கலாம், ஒன்பது தடவையா என்றார் அதிகாரி. அவர் கேட்டதில் என்ன தப்பு? பெண்ணை வரச் சொன்னார், கார்டில் உள்ள படத்தோடு பார்க்க வேண்டும் என்றார். பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக அவள் வேனிலிருந்து இறங்கி வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா வந்தார். மேசையில் கிடந்ததை இருவரும் பார்த்தார்கள். அதிகாரி கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்:

"எனக்கு இன்னிக்குத்தான் சார் கல்யாணம்."

அதிகாரிக்கே சங்கடமாகிவிட்டது. கல்யாண வண்டியை நிறுத்தக் கூடாது, உன் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சீல் வைத்து அனுப்பினார். தாய்மாமன் எங்களோடு பேசாமல் ஜீப்பில் ஏறி முன்னால் போனார். அவள் அப்பா வழி முழுக்க என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.

பத்தே காலுக்குத் தாலி ஏறியது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த திங்கட்கிழமை பெர்மிட்டில் கல்யாணம் என்பதை மாற்றிப் புதுமனை புகுவிழா என்று எழுதி, அந்த அதிகாரி இல்லாத நேரமாகப் பார்த்துத் தாண்டினேன். நான் திருந்திய லட்சணம் அவ்வளவுதான்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது தெருவைத் தாண்டி வந்து நின்றாள். எப்படியிருக்க தாயி என்று கேட்டேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல். செக்போஸ்ட்டில் பார்த்ததைத் தாய்மாமன் அந்த வீட்டில் சொல்லிவிட்டார் என்றாள். மாமியார் முதலில் சாடைமாடையாகப் பேசினாராம். இப்போது நேராகவே கேட்கிறாராம், இதற்கு முன்னால் எங்கே வாழ்ந்துவிட்டு வந்தாய் என்று. வீட்டுக்காரர் திட்டுவதில்லை, ஆனால் பேசுவதும் குறைந்துவிட்டது என்றாள். அழவில்லை. நான்தான் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"அண்ணே, நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாக. நீங்க ஒருக்கா அங்கன வந்து, நான்தான் எழுதுனேன்னு சொல்லிட்டுப் போங்க. அது போதும். வாராவாரம் நம்ம வீட்டு வாசல் வழியாத்தான போறீக."

"வர்ற திங்கக்கிழமையே வாரேன் தாயி," என்றேன்.

சத்தியமாகப் போவதாகத்தான் இருந்தேன். என்ன பேசுவது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்தத் தாய்மாமன் குறுக்கே வந்தார். அவருக்குச் செக்போஸ்ட்டில் பழக்கம் உண்டு. நான் அந்த வீட்டில் ஒப்புக்கொண்டால் சாயங்காலத்துக்குள் பேச்சு அங்கே போய்விடும், வண்டி ஓடாது, என்னை நம்பி மலையேறுகிறவர்கள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். இப்படியெல்லாம் காரணம் அடுக்கினேன். உண்மையைச் சொன்னால், முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் முன்னால் நான் இப்படிப்பட்டவன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். அவள் பட்டுச்சேலையோடு ஒன்பது காகிதத்துக்கு முன்னால் நின்றாளே, அந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கில்லை.

திங்கட்கிழமை போனேன். அவள் வீடு ரோட்டோரத்திலேயே இருக்கிறது. வளைவு திரும்பும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "அத்தே, வந்துட்டாக" என்று கூப்பிட்டது ஜன்னல் வழியே எனக்குக் கேட்டது.

பிரேக்கில் கால் வைத்தேன். எடுத்துவிட்டேன். தெரிந்தவர்கள் வீட்டைத் தாண்டும்போது அடிப்பதுபோல் இரண்டு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். அவள் என் வண்டி போகிற திசையில் கையை நீட்டி அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.