பள்ளிகொண்டா அருகே நின்ற வெளிநாட்டுக் கார்

காலை ஏழு ஐந்து. கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, டிரைவரின் தோளுக்கு அப்பால், எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்ற ஒரு சின்ன முள். எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம். ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், வெளிநாட்டுக் கார் ஒன்றின் பின் சீட்டில் படுத்திருந்தேன். எனக்கு நிறைமாதம். வலி விட்டு விட்டு வந்தது. குழந்தை தலை திரும்பாமல் கால் பக்கமாக இருக்கிறது, இங்கே பார்க்க முடியாது, உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று உள்ளூர் நர்ஸ் சொல்லியிருந்தார்.

கார், என் கணவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியின் முதலாளியுடையது. மெட்ராஸில் தூதரக அதிகாரி ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது விற்றதை வாங்கியிருந்தார். கம்பெனி கொடுத்த காரண்டி எப்போதோ முடிந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் கதவைத் திறந்து மூடிக் காட்டுவார். "சத்தம் கேட்டீங்களா? பேங்க் லாக்கர் மாதிரி மூடுது. இதுக்கு இன்னாத்துக்குக் காரண்டி?" ஊரே அந்தச் சத்தத்தை நம்பியது. அன்று காலை வாசலுக்கு வந்த வாடகை அம்பாசடரைக்கூட, முதலாளி கார் வருகிறது என்று என் கணவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முள்ளு சிவப்புல நிக்குதே" என்றேன்.

"அது அப்பப்ப நிக்கும் டீச்சரம்மா. பேஜாராவாதீங்க" என்றார் முதலாளியின் டிரைவர்.

பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. கார் தானாகவே ஓரம் தேடியதுபோல ஒரு புளியமரத்தடியில் நின்றது. டிரைவர் டிக்கியிலிருந்த கேனை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியது அத்தனையும் கீழே வழிந்து ரோட்டில் ஓடியது. கணவர் கத்தினார்: "போன வாரம்தானே ரிப்பேர் பண்ணீங்க?"

"பண்ணோம் சார். இதுக்கு சாமான் கப்பல்ல வரணும். இங்க கெடைச்சத வெச்சு இழுத்துட்டு இருந்தோம்."

பஸ்கள் நிரம்பி வழிந்தபடி போயின. கணவர் கை காட்டிய எதுவும் நிற்கவில்லை. எனக்கு வலியின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அப்போது, மெட்ராஸ் துறைமுகத்துக்குத் தோல் கட்டுகள் ஏற்றிப் போன லாரி ஒன்று தானாகவே நின்றது. அதன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா பாய், கப்பலு தரை தட்டிருச்சா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு தோஸ்த். உள்ள பாரு, பிரசவக் கேசு" என்றார் எங்கள் டிரைவர்.

அவர் உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றது. லாரியின் நீள சீட்டில் போர்வையை மடித்துப் போட்டார். இருவருமாக என்னைத் தூக்கி ஏற்றினார்கள். கணவர் பின்னால் தோல் கட்டுகள் மேல் ஏறிக்கொண்டார்.

"கால நீட்டிப் படும்மா. ஓட்டை வண்டிதான். ஆனா இதுல எது புட்டுக்கினாலும் வழியிலயே ஒட்ட வெச்சிருவாங்க" என்றார் லாரிக்காரர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு முன்னால் அவர் "அம்மா" என்றார். ஆஸ்பத்திரி வாசல்வரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னாம்மா, தோல் கம்பெனியிலருந்து நேரா வர்றீங்களா?" என்று மூக்கைச் சுளித்த சிஸ்டர், என்னைப் பரிசோதித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார். குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கத் தொடங்கியிருந்தது. நேராக ஆபரேஷன் தியேட்டர். மகள் பிழைத்தாள். நானும் பிழைத்தேன். லாரிக்காரரின் பெயரைக் கேட்கக் கணவர் வெளியே வந்தபோது லாரி போய்விட்டிருந்தது.

உடம்பு தேறியதும் குழந்தையோடு முதலாளி வீட்டுக்குப் போனோம். காரை மெட்ராஸுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். கழற்றிய தண்ணீர் பம்ப் அவர் மேஜைமேல் கிடந்தது. அலுமினிய இறக்கைகள் புழு தின்ற இலைபோல அரித்திருந்தன. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்கு.

"வண்டி மேல தப்பில்லம்மா" என்றார் முதலாளி. "வாங்கறப்ப ரேடியேட்டருக்குள்ள பச்சைக் கலர்ல இன்னாவோ ஊத்தி வெச்சிருந்தாங்க. அது தீந்ததும் நம்ம டேனரி கிணத்துத் தண்ணியே ஊத்தினோம். 'இந்த உப்புத் தண்ணிய இரும்பே தாங்காது, அலுமினியம் எப்படித் தாங்கும்'னு மெட்ராஸ் மெக்கானிக் திட்றான்."

காரண்டி முடிந்த சொகுசுக் காரை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எனக்குத் தயக்கமே இல்லை. வாங்குங்கள். ஆனால் பார்க்க வேண்டியது காரை அல்ல, உங்கள் ஊரை. அதற்கான பாகம் அங்கே கிடைக்குமா, அதற்குள் ஊற்றப்போகும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த டேனரி கிணற்றுக்கும் நாங்கள் குடிக்க இறைத்த கிணற்றுக்கும் நடுவில் ஒரு மதில் சுவர்தான் இருந்தது.