தண்ணீர் கிடைக்கிற அத்தியாயம்

அவர் ஆயுளில் பாதிக்கு மேல் இரும்புக்கடையில் விற்பனையாளராக இருந்தார். ஆணி, கொக்கி, சங்கிலி, கயிறு. மாலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் சாகசக் கதை எழுத உட்காருவார். மாதம் ஒன்றாக வரும் சிறிய நாவல்கள்; பேருந்தில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகிற வகை. பனிமலை, அடர்காடு, ஆளில்லாத தீவு என்று எங்காவது ஒருவன் தனியாக மாட்டிக்கொள்வான்; செத்துப் பிழைத்துத் திரும்புவான். எழுதியவர் பார்த்த பனி குளிர்பெட்டிக்குள் படிந்ததுதான். ஆனால் அவருடைய நாயகர்கள் பிடித்துத் தொங்கிய கயிறு ஒருநாளும் அறுந்ததில்லை. கயிறு அவருக்குத் தெரியும்.

நண்பனாக இருந்தும் அந்த நாவல்களை நான் பெரிதாக மதித்ததில்லை. அவற்றில் மனவுறுதி என்பது மீசை மாதிரி. நாயகனுக்கு அது தானாகவே இருக்கும். எங்கிருந்து வந்தது, என்ன விலை கொடுத்தான் என்று கதை கேட்காது.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. வேலையை விட்டார், எழுத்தை விடவில்லை. வாரத்தில் மூன்று காலைகள் மருத்துவமனையின் டயாலிசிஸ் கூடத்தில் படுத்திருப்பார். உடம்பில் சேர்கிற தண்ணீர் தானாக வெளியேறாது. இயந்திரம்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனால் குடிப்பதற்கு அளவு உண்டு. காலையில் மனைவி ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைப்பார். காபி, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் அடுத்த முறை எடைக் கருவியில் ஏறி நிற்கும்போது தெரிந்துவிடும். கூடத்து நர்ஸ், எல்லாருக்கும் சிஸ்டர், முகத்துக்கு நேராகக் கேட்பார்: "வீட்ல கிணறு வெட்டிட்டீங்களா சார்?"

இந்த நிலையில்தான் அவர் பாலைவனக் கதையை ஆரம்பித்தார்.

"உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றார் மனைவி.

"இப்பதான் எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு கிடைச்சிருக்கு."

தெரிந்துதான் எழுதினார். கைப்பிரதியை முதலில் படித்தவன் நான். அவருடைய நாவல்களில் பக்கத்தைத் தள்ளாமல் நான் படித்த முதல் நாவல் அதுதான். வழி தவறிய நில அளவையாளன் ஒருவன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறுவது, எச்சில் பசைபோல் ஆவது, கனவில் ஆறோ அருவியோ வராமல் சரியாக மூடாத குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருப்பது. இதெல்லாம் கற்பனையில் வருவதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. அந்த அளவையாளனுக்குத் தண்ணீர் இல்லை. எழுதியவருக்கு ஐந்தடி தூரத்தில் குடம் நிறைய இருந்தது. இல்லாததைப் பொறுத்துக்கொள்வதைவிட இருப்பதைத் தொடாமல் இருப்பது கடினம் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி யாரும் சாகசக் கதை எழுதுவதில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதில் அவன் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும். பதிப்பாளர் தொலைபேசியில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ஆளு இன்னும் காய்ஞ்சுக்கிட்டே இருக்காரா? அட்டை அச்சாயிடுச்சு சார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் அந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தார். "முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினான்" என்று எழுதியது அவருக்கு நினைவிருக்கிறது. எழுந்துபோனது நினைவில்லை. மனைவி திரும்பியபோது அவர் மேசைமேல் கவிழ்ந்து, படுக்கவும் முடியாமல் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். குடம் பாதி காலி. வண்டி பிடித்து ஓடினார்கள். நுரையீரல்வரை தண்ணீர் போயிருந்தது. மறுநாள் மருத்துவர், "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா என்னால உறுதி சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கைப்பிரதியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அவன் அங்கயே கிடக்கட்டும்," என்றார். "எனக்கு நீங்க வேணும்."

"அவனை அப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராதும்மா."

"தண்ணியைக் கண்ட மாதிரி எழுதினா உங்களுக்குக் கை நிக்காது. பார்த்துட்டேன்ல."

அது உண்மை. இரண்டு நாள் அலமாரி பூட்டியே கிடந்தது. மூன்றாம் நாள் டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது மனைவியே அலமாரியைத் திறந்து, வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துப் பையில் வைத்தார்.

"அங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க. நான் எழுதறேன். அங்கன்னா கையில ஊசி இருக்கும், குடம் இருக்காது."

அந்தக் கூடத்தில் இரண்டு வரிசையாகக் கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எதிரே தையல்கார அம்மா. இயந்திரங்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மனைவி ஸ்டூலை இழுத்துப்போட்டு, தாளுக்கு அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டார்.

"மேட்டின்மேல் ஏறினான்," என்று கட்டிலில் படுத்தபடி அவர் ஆரம்பித்தார். "கீழே தண்ணீர். ஒரு கணம் நம்பவில்லை. பிறகு ஓடினான்."

"ஓட மாட்டான் சார்." ஓட்டுநர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஏன்?"

"அத்தனை நாள் காய்ஞ்சவனுக்குக் கால்ல ஏது சார் சத்து? எனக்கு இங்கேருந்து பாத்ரூம் போறதே ஒரு நாவல்."

"தவழ்ந்து போகட்டும்ணா," என்றார் தையல்கார அம்மா.

"ஹீரோ தவழ்ந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அவர்.

"பாலைவனத்துல யாரு பார்க்கப் போறாங்க?"

மனைவி 'ஓடினான்' என்பதை அடித்துவிட்டுத் 'தவழ்ந்தான்' என்று எழுதினார்.

அவர் தொடர்ந்தார். குரல் தணிந்திருந்தது. "உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளினான். உதட்டை நனைத்தான். வாயிலேயே வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினான். போதும் என்று தோன்றியது. கரையில் சாய்ந்து படுத்தான்."

மனைவி எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடப் போனார். ஓட்டுநர் இப்போது கண்ணைத் திறந்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"ஒரேயடியாக் குடிச்சா உடம்புக்கு ஆகாது."

"யார் உடம்புக்கு சார்? எனக்கு ஆகாது, உங்களுக்கு ஆகாது. அவனுக்கு என்ன கேடு? அவன் கிட்னி நல்லாத்தானே இருக்கு?"

கூடம் முழுக்கச் சிரித்தது. தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தன் வீட்டுப் பாட்டிலை அவன் கையிலும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"விடுங்கண்ணா," என்றார் தையல்கார அம்மா. "நாமதான் குடிக்க முடியல. அவனாவது குடிக்கட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, ஊசி ஏறியிருந்த அவர் கையைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றார். "நான் இங்கதானே இருக்கேன்."

குடித்தான். குப்புறப்படுத்து, ஆடு மாடு குடிப்பதுபோல் குடித்தான். மூக்கில் ஏறி இருமினான், இருமிவிட்டு மறுபடி குடித்தான். "மடக் மடக்குன்னு சத்தம் வரணும் சார்," என்றார் ஓட்டுநர். வந்தது. தண்ணீர் தொண்டையில் இறங்கும் குளிர்ச்சியை மட்டும் அரைப் பக்கம் சொன்னார். இயந்திரத்தைச் சரிபார்க்க வந்த சிஸ்டர் நின்று கேட்டுவிட்டு, "இது முடிஞ்சதும் யாராவது என்கிட்ட ஐஸ் கேட்டீங்க, தொலைச்சிடுவேன்," என்றார். யாரும் கேட்கவில்லை. பல கட்டில்களில் தொண்டைக்குழிகள் ஏறி இறங்கின.

"ஏப்பம் விட்டானா?" என்றார் தையல்கார அம்மா.

"விட்டான்."

"எழுதிட்டீங்களா அண்ணி?"

"எழுதிட்டேன்."

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. ஒருமுறை வாசித்துத் திருத்தாமல் எதையும் அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. மறுநாள் வீட்டில், அதே மேசையில், அந்தப் பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டார். அன்றைய பாட்டில் பக்கத்தில் இருந்தது. மனைவி குடத்தை ஒளித்துவைக்கவில்லை. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

அவர் மெதுவாகப் படித்தார். இரண்டு இடத்தில் காற்புள்ளி வைத்தார். உதட்டை நாக்கால் தடவினார். ஒருமுறை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மனைவியும் கூடவே பாதி எழுந்தார். அவர் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். படித்து முடித்ததும் பாட்டிலிலிருந்து ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"எப்படி வந்திருக்கு?" என்றார் மனைவி.

விழுங்கிவிட்டு, "ஆளு திருப்தியாக் குடிச்சிட்டான்," என்றார். பாட்டிலை மூடினார்.

அடுத்த முறை எடைக் கருவியில் ஏறியபோது சிஸ்டர் குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். இந்த முறை கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

"கதை முடிஞ்சதா சார்?"

"முடிஞ்சது."

"சரி, போய்ப் படுங்க," என்றார் சிஸ்டர்.