கூப்பிடாமல் உள்ளே வந்தவன்

என் மனைவி மாதங்கி வங்காளத்து டாக்குரியாவில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவளோடு சண்டை போட்டால் பாதித் திட்டு வங்காளத்தில்தான் விழும். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. விதியில் இல்லாததை மேலதிகாரி கெஞ்சினாலும் செய்ய மாட்டாள். இவளோடு குடித்தனம் நடத்துவது கோர்ட்டிலேயே குடியிருப்பது போல என்று கிண்டல் செய்வேன். சட்டசபைத் தேர்தலில் பெஹாலா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளை வாக்குச்சாவடித் தலைமை அதிகாரியாகப் போட்டார்கள்.

அந்த ஒரு நாள் அந்த அறைக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். மாநிலப் போலீஸ் தெருமுனையில் நிற்கும். மத்தியப் படைக்காரன் துப்பாக்கியோடு வாசலில் நிற்பான். உள்ளே என்ன கலாட்டா நடந்தாலும் தலைமை அதிகாரி கூப்பிடாமல் அவன் உள்ளே கால் வைக்கக் கூடாது. இதை அவர்களுக்கு வகுப்பு வைத்தே சொல்லியிருந்தார்கள்.

வாசலில் நின்றவன் அஷ்வத், தேனிக்காரன். இவள் தமிழ் பேசியதும் பையனுக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, தமிழ் காதுல விழுந்து எத்தனை நாளாச்சு தெரியுமா!"

இவளும் உருகிப்போய்த் தன் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை வாசலில் வைத்தே அவனுக்குக் கொடுத்தாள். ஓட்டுப் போட நின்ற வரிசை முழுக்கப் பார்த்தது. வெளியூரில் தமிழைக் கேட்டால் நமக்கு மூளை வேலை செய்யாது. விதிக்கே பிறந்தவள் அன்று அந்த வரிசை என்ன நினைக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மதியம் ஒரு கும்பல் பின்கதவை உடைத்து உள்ளே புகுந்தது. வேட்பாளர் ஒருவரின் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருந்த நிதாய் என்பவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தாடை உடைந்து, பல் மேஜை மேல் வந்து விழுந்ததாம். கும்பலின் தலைவன் பாப்பாய். இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்காதவன். கையில் வெட்டரிவாளோடு மாதங்கி முன்னால் வந்து நின்றான்.

"கூப்பிடுங்க தீதி, உங்க மதராஸியக் கூப்பிடுங்க. சோறு போட்டது இதுக்குத்தானே? ஊர்க்காரனை விட்டு வங்காளியைக் கொன்னீங்கன்னு நாளைக்கு இந்தப் பேட்டையே பேசும்."

மாதங்கி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. நிதாயின் மண்டையில் இன்னொரு அடி விழுந்தது. பாப்பாய் திரும்பி அவர் கழுத்துக்கு நேரே அரிவாளை ஓங்கினான். அஷ்வத் உள்ளே வந்து சுட்டான். பாப்பாய் வாக்கு எந்திரத்தின் மேல் சரிந்து அங்கேயே செத்துப்போனான்.

அதற்குப் பிறகு இரண்டு சர்க்கார்களும் என் மனைவியின் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அவள் கூப்பிட்டிருந்தால் சுட்டது கடமை என்றது படை. கூப்பிடாவிட்டால் கொலை என்றது மாநிலப் போலீஸ். நிதாய் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மற்ற அலுவலர்கள், பெஞ்சுக்கு அடியில் இருந்தோம், ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீராதி வீரர்கள்!

மாதங்கி, "நான்தான் கூப்பிட்டேன்" என்று வாக்குமூலம் கொடுத்தாள்.

விஷயம் வெளியே கசிந்ததும் எங்கள் வீட்டு மேல் கல் விழ ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த செங்கல் அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"உண்மையச் சொல்லித் தொலையேன்டி! கூப்பிடலைன்னு சொன்னா நம்மள விட்டுடுவாங்க."

"அவனை விடுவாங்களா? கூப்பிட வேண்டியது நான். எனக்கு வாய் வரலை. என் வேலையை அவன் செஞ்சான்."

அவள் பிடிவாதத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கல் எறிந்தவன் மேல்கூட வரவில்லை.

விசாரணைக்குத் தலையில் கட்டோடு போனவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அஷ்வத்தை இரண்டு பேர் அழைத்து வந்தார்கள். அவன் இவள் தலையில் இருந்த கட்டைத்தான் முதலில் பார்த்தான்.

"யாரு அக்கா அடிச்சது?"

பேசக் கூடாது என்று விசாரணை அதிகாரி அதட்டினார். மாதங்கி எழுந்து, தான் கூப்பிட்டதாக மறுபடியும் திடமாகச் சொன்னாள். அதிகாரி அஷ்வத்தைப் பார்த்தார்.

"இல்லை சார். மேடம் கூப்பிடலை. நானாத்தான் உள்ள போனேன்" என்றான் அவன், இந்தியில்.

"பொய் சொல்லாதடா!" என்று இவள் தமிழில் கத்தினாள். "நான் கூப்பிட்டேன்டா! சொல்லுடா!"

அவன் தலை நிமிரவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அவன் இப்போது சிறையில் இருக்கிறான். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக மாதங்கியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கல்லும் விழவில்லை. அதற்காக மாதங்கி அவனை இன்னும் மன்னிக்கவில்லை.