ஒரு படத்துக்கு இரண்டு பெயர்

எங்கள் ஸ்டுடியோ பாளையங்கோட்டையில், மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. படம் எடுப்பவன் நான். அதை ஆல்பமாக்குபவள் ஹெப்சிபா. பதினேழு வருடமாக அவள் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் திட்டுவாள். படங்களைக் கன்னாபின்னாவென்று போட்டு வைத்தால் என்னையும் திட்டுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பேருடைய கல்யாணத்தை முகம் முகமாகத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கியவள் அவள்தான்.

ஒரே படம் பெண் வீட்டு ஃபோல்டரிலும் மாப்பிள்ளை வீட்டு ஃபோல்டரிலும் கிடந்து டிஸ்க்கை நிறைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளே கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரு ஃபோல்டரைக் காட்டினால் போதும். உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் அதேபோல இன்னொன்றை உண்டாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் ஹார்ட் லிங்க் போட்டுவிடும். அதாவது படம் ஒன்றுதான், பெயர் இரண்டு.

"ஒரு பேரை அழிச்சாலும் படம் போவாது அண்ணாச்சி, இன்னொரு பேர் பிடிச்சுக்கிடும்" என்பாள். நான் கைதவறி அழித்த போதெல்லாம் அந்த இரண்டாவது பெயர்தான் என் மானத்தைக் காத்தது.

வைத்தியலிங்கம் அண்ணாச்சியின் மகன் கல்யாணத்தையும் நாங்கள்தான் எடுத்தோம். ஆல்பம் அச்சுக்குப் போகும் முன்பே அவர் மகள் சுகிர்தா, வேறு சாதிப் பையனை மணந்துகொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். அவர் வந்து நின்றார்.

"அவளைத் தலைமுழுகியாச்சு. ஒரு படத்துலயும் இருக்கப்படாது."

அவள் இருக்கும் படங்களைத் தூக்கிவிடலாமென்றால், நாத்தனார் முடிச்சுப் போட்டதே அவள்தான். தாலி கட்டும் படம் இல்லாமல் ஆல்பம் ஏது? ஆளை மட்டும் அழிக்கச் சொன்னார். மறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

மறுநாள் அவர் மனைவி ஞானம்பாள் தனியாக வந்து ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு சொன்னதைச் செய்யி தாயி. ஆனா எம்பிள்ளை படத்தை எனக்காக எங்கனயாவது ஒளிச்சு வையி."

"வச்சிருக்கேம்மா" என்று ஹெப்சிபா வாக்குக் கொடுத்தாள்.

கல்யாண ஃபோல்டர் முழுவதற்கும் ஸ்கிரிப்டை ஓட்டி, வேறு பெயரில் ஒளித்து வைத்தாள். பிறகு நாலு நாள் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் படங்களில் சுகிர்தாவை அழித்து, அவள் நின்ற இடத்தை, மேடையில் பின்னால் தொங்கிய பச்சைத் திரையால் நிரப்பினாள். ஒவ்வொன்றையும் அதே ஃபைலிலேயே சேமித்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.

இந்தத் தை மாதம் சுகிர்தா பிரசவத்தில் இறந்துபோனாள். சில நாள் கழித்து ஞானம்பாள் எங்கள் படியேறி வந்தார்.

"வீட்டுல இருந்த அவ படத்தையெல்லாம் அவரு அன்னைக்கே எரிச்சுட்டாரு. மருமகன் போன்ல படம் அனுப்பியிருக்காரு. எல்லாத்துலயும் அவ தனியா நிக்கா. எங்கூட நிக்கிற படம் உங்கிட்டதானே இருக்கு?"

ஹெப்சிபா ஒளித்து வைத்த ஃபோல்டரைத் திறந்தாள். படத்தில் ஞானம்பாள் மட்டும் நின்றார். அடுத்ததைத் திறந்தாள், அதற்கடுத்ததையும் திறந்தாள். எல்லாவற்றிலும் திரைதான்.

"பேருதான் ரெண்டு அண்ணாச்சி. படம் ஒண்ணுதானே" என்றாள் என்னிடம். பெயரை அழித்திருந்தால் படம் தப்பியிருக்கும். அவள் அழித்தது முகத்தை. கேமரா கார்டையும் நான் எப்போதோ துடைத்து வேறு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டேன்.

"நானே அழிச்சிட்டேம்மா" என்று வாய்விட்டு அழுதாள். பதினேழு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை. அன்றைக்குத் தலையாட்டியவன் நான்தானே.

ஞானம்பாள் அழவில்லை. படத்தில் அவருடைய வலது கை அந்தரத்தில் வளைந்து நின்றது. மகள் தோளில் போட்டிருந்த கை. அதன் கீழே, திரைமேல் விரலை வைத்தார்.

"இங்கனதானே நின்னா?"

"ஆமாம்மா."

"இதையே பெருசாப் போட்டுத் தா. நான் நிக்கேன்லா. அவ நின்ன எடமும் இருக்குல்லா. இதை வீட்டுல மாட்டினா அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."