மிஞ்சிய செல்கள்

எங்கள் ஆய்வகத்தைப் பற்றிப் பேப்பரில் செய்தி வந்த அன்று அத்திம்பேரிடம் கத்திவிட்டேன். அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

கரமனையில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மலையாளப் பேப்பரை மடித்து நீட்டினார். மூளைப் புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது, அதற்கான புரதத்தைக் கண்டுபிடித்தது நம் ஊர் ஆய்வகம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"நீ எந்தா இத்தனை நாள் ஒண்ணும் சொல்லாம மிண்டாம இருந்தே? உங்க லாபிலேயே மருந்து இருக்கு. உன் அக்காவுக்குக் கொடுக்கப்படாதா?"

"மருந்தில்லை அத்திம்பேர். ஒரு புரோட்டீன். தட்டிலே வளர்க்கற செல்லிலே பார்த்தது, அவ்வளவுதான்."

"இதிலே அப்படி எழுதலையே?"

எழுதவில்லைதான். பத்திரிகைகளுக்கு அனுப்பிய குறிப்பிலும் அப்படி இல்லை. 'நோயாளிகளுக்குப் புதிய நம்பிக்கை' என்ற வரியைச் சேர்த்தவள் நான். எங்கள் தலைவர் அதைப் படித்துவிட்டு, "இது கொள்ளாம்" என்று மெச்சினார். ஆய்வுக் கட்டுரை வெளிவரத் தாமதமானதால் அந்தக் குறிப்பு மாதக்கணக்கில் மேஜையில் கிடந்தது. அதற்குள் அக்காவுக்கு நோய் வந்துவிட்டது.

அக்கா கணக்கு டீச்சர். ஒரு நாள் கரும்பலகையின் வலது பாதியில் மட்டும் எழுதிக்கொண்டே போனாள். இடது பாதி அவள் கண்ணில் படவே இல்லை. குழந்தைகள் சிரித்ததாக அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள். ஸ்கேன், ஆபரேஷன், பயாப்ஸி எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தன. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று; நாலாம் கிரேடு, இருப்பதிலேயே மோசமானது. பதினோரு வருஷமாக நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவரும் அதே செல்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அத்திம்பேர் முடிவு செய்துவிட்டார். "அவகிட்டே சொல்ல வேண்டாம். சாதாரணக் கட்டி, எடுத்தாச்சுன்னு சொல்லிப்போம்." டாக்டர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போகும்போது அது வெறும் முன்னெச்சரிக்கை என்றோம். அவள் தலைமுடி உதிர்ந்தபோதும் அதையே சொன்னோம்.

அன்று அந்தப் பேப்பரைப் பார்த்ததும் இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "நம்பிக்கைன்னு எழுதினதே நான்தான்! பொய் எழுதினேன்! நாலாம் கிரேடு கட்டிக்கு எங்ககிட்டே ஒண்ணும் கிடையாது, கேட்டேளா?"

அக்கா அறைக்குள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். அவள் சுவரைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"நாலாம் கிரேடா?"

"நீ போய்ப் படுத்துக்கோ. அவ வேற யாரையோ பத்திச் சொல்றா," என்றார் அத்திம்பேர்.

"நீங்கோ மிண்டாதீங்கோ. ஆஸ்பத்திரிக் காகிதத்தை எல்லாம் பீரோவிலே வச்சுப் பூட்டினப்போவே எனக்குச் சம்சயம்தான். நீ சொல்லுடீ."

சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள். அழவில்லை. முகம் சிவந்தது.

"என் கிளாஸிலே பூஜ்யம் வாங்கின குழந்தைக்குப் பூஜ்யம்னு எழுதித்தான் பேப்பரைக் கொடுத்திருக்கேன். என் பேப்பரை மட்டும் எனக்குக் காட்ட மாட்டேளா? ரெண்டு மாசம் என்னைப் பொம்மையாக்கி வச்சுட்டேள், ரெண்டு பேருமா!"

அத்திம்பேர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று கேட்டாள். செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா, அதற்குள்ளே இருக்கும் புரதம் இது, இந்தப் புற்றுச் செல்களில் அது அளவுக்கு மேல் இருக்கிறது என்றேன். மருந்து கொடுத்தாலும் சாகாமல் தாக்குப்பிடிக்கவும், பக்கத்துத் திசுவுக்குள் நுழையவும் அது உதவுகிறது. தட்டின் நடுவே ஒரு கோடு கீறினால் செல்கள் இரண்டு பக்கமிருந்தும் நகர்ந்துவந்து அதை மூடிவிடும். புரதத்தைக் குறைத்துவிட்டால் மெதுவாகத்தான் நகரும். மருந்துக்கும் நிறையச் சாகும்.

"எல்லாம் சாகுமா?"

"இல்லைக்கா. கொஞ்சம் மிஞ்சும். அதுலேருந்து திரும்ப வளரும்."

"அதை ஏன் பேப்பர்லே போடலை?"

அவளே நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தனக்கு இந்த நோய் என்றும், மிஞ்சும் செல்களைப் பற்றியும் எழுதுங்கள் என்றும் ஒரே பக்கம். வரிகள் எல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கடிதம் அச்சாகவில்லை.

அதன் ஒரு நகலைத் தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கஷ்டம்தான். ஆனா இப்படி எழுதலைன்னா யார் நம்மைத் திரும்பிப் பார்ப்பா?" என்றார். இனிமேல் அந்த மாதிரிக் குறிப்பில் என் கை படாது என்றேன். படவில்லை. வேறொருத்தி எழுதுகிறாள்.

அக்கா அந்த வாரமே பள்ளியில் தனக்கு என்ன நோய் என்று சொல்லிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பெண்கள் சாயங்காலங்களில் நோட்டோடு வந்தார்கள். கழித்தல் குழம்பத் தொடங்கும்வரை சொல்லிக்கொடுத்தாள். கட்டி திரும்பவும் வளர்ந்தபோது இரண்டாவது ஆபரேஷனைப் பற்றி டாக்டர் அத்திம்பேரிடம் பேச ஆரம்பித்தார். அக்கா குறுக்கிட்டாள். "தலை என்னோடது. எங்கிட்டே கேளுங்கோ." எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஓணத்துக்குப் பள்ளி மூடிய வாரத்தில் போனாள்.

காரியங்கள் முடிந்து நான் கிளம்பும்போது அத்திம்பேர் கேட் வரை வந்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா அவ நிம்மதியாப் போயிருப்பா."

"நிம்மதி உங்களுக்குத்தான் வேண்டியிருந்தது அத்திம்பேர்," என்றேன்.

அந்தச் சமயத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.