மதினியும் நானும் ஏறிய கலங்கரை விளக்கம்

எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவருக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. அப்பா அம்மா சிறு வயதிலேயே போய்விட்டதால், அவரை வளர்த்துப் படிக்கவைத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அவருடைய அக்காதான். எனக்கு மதினி. புருஷன் இறந்தபின் மறுபடியும் பிறந்த ஊருக்கே வந்து, மலையடியில் இருந்த வயலைத் தானே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாற்பதைத் தொட்டிருக்க மாட்டார்.

நான் மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு மதினியைக் கண்டால் பயம். காலை டவுன்பஸ்ஸில் வந்து இறங்குவார். கத்தரிக்காயும் கீரையுமாக ஒரு பையை அடுப்படியில் வைப்பார். சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “வாரேன்” என்று கிளம்பிவிடுவார். சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

என் கணவரோடு வேலை பார்த்தவர் ஒருவருக்கு நாகர்கோவிலில் கல்யாணம் வைத்திருந்தார்கள். இருவரும் போவதாக இருந்தோம். பேச்சுவாக்கில் அவர் இதைச் சொன்னதும் மதினி கேட்டார்:

“அங்கிட்டுக் கடல் இருக்குல்ல?”

“இருக்குக்கா. பக்கந்தான்.”

“அப்ப நானும் வாரேன். கடல் எம்புட்டு இருக்கும்னு ஒருக்காப் பாக்கணும்.”

மதினி தனக்கென்று ஒன்றைக் கேட்டு என் கணவரும் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. உடனே சரியென்று தலையாட்டினார்.

கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டுக்காரர்கள், கன்னியாகுமரியில் கூட்டம் நெரியும், முட்டத்துக்குப் போங்கள், வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது, சாயங்காலம் மேலே ஏறிப் பார்க்க விடுவார்கள் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் தென்னையும் வயலுமாக வந்த பாதை, கடைசியில் செம்மண் மேட்டில் ஏறித் திரும்பியது. அங்கே இறங்கினோம்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு, மேட்டின் விளிம்புக்குப் போனதும், கடல். மணலில் வந்து மெல்ல நுரைக்கிற கடலைத்தான் நான் ராமேஸ்வரத்தில் பார்த்திருந்தேன். இது வேறு. யானை யானையாகப் பாறைகள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன. அலை ஒவ்வொன்றும் அவற்றின்மேல் மோதி, பனை உயரத்துக்கு எழும்பி, வெள்ளையாகச் சிதறியது. அவ்வளவுக்கும் மேலே, ஒரு பெரிய பாறையின் தலையில், வட்டமான வெள்ளைக் கோபுரம் வெயிலில் நின்றது. உச்சியில் கண்ணாடிக் கூண்டு. எத்தனை வருடத்து உப்புக்காற்றைத் தாங்கிய கட்டடமோ, நேற்றுத்தான் கொத்தனார் கை எடுத்ததுபோல இருந்தது.

மதினி அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, “நம்ம மலைய ஒடச்சுக் கொண்டாந்து தண்ணிக்குள்ள போட்ட மாதிரி இருக்கு தாயி” என்றார். என்னைத் தாயி என்று அவர் கூப்பிட்டது அன்றுதான்.

விளக்கைப் பார்த்துக்கொள்ளும் காவலர் காக்கி உடுப்பில் கதவருகே நின்றார். எங்களைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் சொன்னார்: “படி உண்டு சார், ஒண்ணும் பயமில்ல. மேல போனா செவரு மாதிரி நட்டுக்குத்தலா ஒரு இரும்பு ஏணி. சேலையோட ஏறுறது பாடு. பாத்துக்கிடுங்க.”

“நாங்க மலை ஏறுற சனம்யா” என்றார் மதினி. வயலில் இறங்குவதுபோலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

உள்ளே சுவரை ஒட்டிச் சுழன்று சுழன்று படி போனது. கல்லின் குளிர்ச்சி காலில் ஏறியது. பாதி வழியில் இருந்த சிறு ஜன்னலில் என் கணவர் கீழே எட்டிப் பார்த்தார். அதோடு முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தலை சுத்துதுக்கா. நீங்க போய்ட்டு வாங்க. நான் கீழ பையப் பாத்துக்கிறேன்.”

“சரிப்பா, பாத்து எறங்கு” என்றார் மதினி. கேலி எதுவும் செய்யவில்லை.

கூடவே வந்த காவலர் ஏணியில் முதலில் ஏறினார், அடுத்து மதினி, பின்னால் நான். நாலைந்து கம்பி ஏறியிருப்பேன். கீழே பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

“மதினி, என்னால ஆகாது” என்றேன். குரல் அழுகையாக வந்தது.

மேலே போயிருந்த மதினி மறுபடி ஏணியில் இறங்கி வந்தார். அவர் பாதம் என் முகத்துக்கு நேராக நின்றது. பித்தவெடிப்பில் செம்மண் ஒட்டிய பாதம்.

“கண்ணத் தொற. கீழ பாக்காத. என் காலப் பாரு. நான் எடுத்து வைக்கிற கம்பியில நீ கைய வையி. அம்புட்டுத்தான்.”

அவர் ஒரு கம்பி ஏறினார். காலியான கம்பியை நான் பிடித்தேன். இன்னொன்று. இன்னொன்று. அவர் அவசரப்படுத்தவே இல்லை. கடைசிக் கம்பியில் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார்.

கூண்டுக்குள் திரை போட்டிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. மல்லாந்த சங்கின் வரிகளைப்போல அடுக்கடுக்காக, அரக்குப் போட்டு இழைத்ததுபோல வழுவழுப்பாக. உள்ளே இருந்த விளக்கோ கை அளவுதான். இத்துனூண்டு வெளிச்சத்தை வாங்கி இந்தக் கண்ணாடி நடுக்கடலுக்கு எறிகிறது என்று காவலர் சொன்னார். பகலில் திரை எதற்கு என்று மதினி கேட்டார். வெயில் நேராக உள்ளே விழுந்தால் கண்ணாடி அதைக் குவித்துத் தீப்பிடிக்க வைத்துவிடும் என்றார் காவலர். மதினி அந்தக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ” என்றார்.

வெளியே கூண்டைச் சுற்றியிருந்த தாழ்வாரத்துக்கு வந்ததும் காற்று எங்களைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. மூன்று பக்கமும் கடல். கீழே கட்டுமரங்கள் மாவிலை மாதிரி மிதந்து வந்தன. மாதா கோயில், ஓட்டு வீடுகள், காயப்போட்ட வலைகள், மேற்கே மேற்கே நீண்டு போகும் பாறைக் கரை. மதினியின் கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. அதை அள்ளிச் செருகாமலே அவர் சிரித்தார். வாய்விட்டு, சின்னப் பெண்ணைப்போல. காவலரும் சிரித்துவிட்டார்.

விளக்கு ஏற்றுவதைப் பார்க்காமல் போகக்கூடாது என்று மதினி சொல்ல, இறங்கி வந்து பாறையில் காத்திருந்தோம். என் கணவர் சுண்டல் வாங்கப் போனார். அலையைப் பார்த்தபடியே மதினி சொன்னார்:

“ஏணியில என் காலு நடுங்குச்சே, பாத்தியா?”

“இல்ல மதினி.”

“நடுங்குச்சு. மலைன்னா பிடிக்கக் கல்லு இருக்கும், செடி இருக்கும். இது வெறும் ஆகாசம். நீ பின்னால வந்ததாலதான் ஏறுனேன். இல்லாட்டி எறங்கியிருப்பேன்.”

அவரே தொடர்ந்தார். “உன் வீட்டுக்கு வந்தா என்ன பேசன்னு தெரியாது எனக்கு. நீ படிச்ச புள்ள. ஏதாச்சும் தப்பாச் சொல்லிருவேனோன்னு எந்திரிச்சு வந்துருவேன்.”

அத்தனை மாதம் நான் அவருக்குப் பயந்திருக்க, அவர் எனக்குக் கூச்சப்பட்டிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விவசாயம் பார்த்த கை, அரம்போல இருந்தது.

சூரியன் கடலுக்குள் இறங்கியது. சிறிது நேரத்தில் உச்சியில் வெளிச்சம் பிறந்து, நீண்டு, தண்ணீர்மேல் மெல்லத் திரும்பியது. நாங்கள் மூவரும் அண்ணாந்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

அதன்பின் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருப்பார். என் இரண்டு பிரசவத்துக்கும் கூடவே இருந்தார். சில வருடம் கழித்து ஒரு நல்ல அறுவடை முடிந்தபோது, தன்னோடு நாற்று நடுகிற பெண்களையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு முட்டத்துக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். கோபுரம் அதே வெண்மையில் நின்றது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் படியேற, அந்தக் கல்சுவர் முழுக்க அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் வளையல் சத்தமுமாக எதிரொலித்தது. எல்லாருக்கும் முன்னால் மதினியின் குரல் கேட்டது: “ஏய், தள்ளாம வாங்கடி. எல்லாருக்கும் எடமிருக்கு.”