மூடும் வரி

அம்மா இறந்த மறுவருடம், ஒரு பழைய கம்ப்யூட்டரோடு சித்தி எங்கள் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருடம். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஷிப்ட் முடிந்து வந்தால் முகம் கழுவிக்கொண்டு படுத்துவிடுவார். எனக்குத் தலை பின்னிவிட்டு, உலை வைத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் சித்தி அந்தத் திரைக்கு முன்னால்தான். தெருப் பிள்ளைகள் என்னைப் பாவம் பார்த்து விளையாட்டில் ஜெயிக்க விட்டார்கள். அதனால் நான் தெருவுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். சித்தியின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அவள் செய்துகொண்டிருந்தது துறைமுகத்துக்கான ஒரு புரோகிராம். கப்பல் வந்தால் அதற்கென்று திரையில் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். கப்பல் கிளம்பினால் ஜன்னல் மூடிக்கொள்ளும். எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"இது தானா படம் போடாது. படம் காட்றதுக்குனே உள்ள வேற ஒருத்தன் கீறான். ஒவ்வொரு கப்பலுக்கும் அவங்கிட்ட லைன் கேட்டு வாங்கணும். வேல முடிஞ்சா லைன மூடிடணும்."

"மூடலன்னா?"

"கொஞ்ச நேரம் பாப்பான். அப்பால யாருக்குமே லைன் தர மாட்டான்."

புரோகிராமில் லைனைத் திறக்கும் வரியையும் மூடும் வரியையும் விரலால் தொட்டுக் காட்டினாள். மூடும் வரியில் இருந்த 'குளோஸ்' என்ற சொல்லை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்றாம் வகுப்பில் எனக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று.

இந்தப் புரோகிராம் தேறினால் பெங்களூரில் வேலை என்று சித்தி நைனாவிடம் சொன்னதை, அடுத்த வாரம் அடுப்படியில் இருந்து கேட்டேன். மறுநாள் அவள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய நேரத்தில் அந்த வரியைத் தேடி அழித்தேன். விளையாட்டாக இல்லை. கெட்டுப்போக வேண்டும் என்றுதான்.

அவள் திரும்பி வந்து புரோகிராமின் மேலே தன் பெயரைச் சேர்த்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு கப்பல்கள் ஒழுங்காக வந்து நின்றன. அவசரத்தில் அவள் அதற்கு மேல் பார்க்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

அங்கே ஆசிரியர்கள் முன்னால் அது அரை மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. போன கப்பல்களின் ஜன்னல்கள் மூடாமல் குவிந்துவிட்டன. பிறகு எந்தக் கப்பலுக்கும் புது ஜன்னல் திறக்கவில்லை.

சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்த வரி இருந்த இடம் காலியாக இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"நீ இதுல கை வச்சியா?"

"இல்ல சித்தி."

"சரி. துன்னியா?"

அவ்வளவுதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டலாம் என்றது கல்லூரி. அதுவரை காத்திருக்க முடியாது என்று பெங்களூர்க்காரர்கள் அந்த வாரமே சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அண்ணன், பெரிய மாமா வந்தார். அம்மா போனதிலிருந்து சித்தியை நைனாவுக்கே கட்டிவைக்கலாம் என்ற ஒரே பேச்சை அவர் பேசிவந்தார் என்பதும், வேலைக்குப் போகிறேன் என்பதுதான் சித்தியிடம் இருந்த ஒரே பதில் என்பதும் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. அன்று அவர் பேச்சை எடுத்ததும் சித்தி எழுந்து உள்ளே வந்துவிட்டாள். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கு இஷ்டம்னா சரி" என்றார். அதன் இஷ்டம் என்ன என்று யாரும் உள்ளே வந்து கேட்கவில்லை.

தை மாதம் கோயிலில் கல்யாணம். எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை. சித்தி இனி எங்கேயும் போக மாட்டாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் மாமா என்னை முன்னால் தள்ளி, "இனிமே சித்தி இல்ல, அம்மானு கூப்புடு" என்றார்.

கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.